புழங்கின சாமான்

ஜன்னல் ஓரமா நீயே உக்காந்துக்கம்மா. எனக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன, பாத்து அலுத்த ரோடுதானே. இந்தப் பையை மட்டும் காலுக்கு நடுவிலே வச்சுக்கறேன். இடிச்சா சொல்லு. நீயும் மாயவரமா? நல்லதாப் போச்சு. எனக்கும் அங்கேதான். பேத்திக்கு நாளன்னிக்கு முகூர்த்தம். சீர்ச்சாமான் வாங்கத்தான் காரைக்கால் வந்தேன். நான் பொறந்த ஊரு அது. "மாயவரத்துலே கிடைக்காத சாமானா, இந்த வயசுலே அலையணுமா"ன்னு என் மவன் சத்தம் போடறான். அவனுக்கு என்ன தெரியும்? பாலத்துக்கு இந்தாண்டை ஒரு வரி, அந்தாண்டை ஒரு வரி. வெள்ளைக்காரன் போயி இத்தினி வருஷம் ஆச்சு, பாலம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு.

நீ டீச்சர்தானே? சொல்லாமலே தெரியுது. பின்னாலே அந்தப் புள்ளை கத்தினா உன் தலை தானாத் திரும்புது. ஆனா டீச்சர்ங்கறே, கையிலே கடியாரம் இல்லையே? ரிப்பேரா? அடடா. அப்ப இதைக் கட்டிக்க. கூச்சப்படாதேம்மா, சும்மா பையிலே கிடந்து என்ன பண்ணப் போவுது. எனக்கு மணி பாக்கத் தெரியாது. பத்தே முக்காலுக்குப் பாலம் வரும்னு கண்டக்டர் சொன்னாரு, கிட்ட வர்றப்ப நீ சொல்லு. பாரு, உன் கைக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு!

நான் பொதுவா யார்கிட்டயும் வாய் கொடுக்கறவ இல்லே. எங்க வீட்டுக்காரரு இருந்தா சொல்வாரு. அவரு போயி மூணு வருஷம் ஆச்சு. என்னமோ அந்தப் பாலம் வருதுன்னா மட்டும் என்னாலே சும்மா இருக்க முடியறதில்லே. ஏன்னு கேளு. என் கல்யாணம் பாதி அங்கேதான் நடந்துச்சு. பாலத்து மேலேம்மா. சிரிக்காதே.

அப்ப காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையிலே. பாலத்துக்கு அந்தாண்டை இங்கிலீஷ்காரன். ரெண்டும் வெள்ளைக்காரன்தான், ஆனா நம்ம வெள்ளைக்காரன் கப்பல் சாமானுக்கு வரி போட மாட்டான், அவங்க வெள்ளைக்காரன் போடுவான். அதனாலே காரைக்கால்லே எல்லாம் கொள்ளை மலிவு. குடை, கடியாரம், சோப்பு, ஜப்பான் பட்டு, எதை எடுத்தாலும் பாதி விலை. அந்தாண்டை இருக்கிறவங்க காரைக்கால்லே பொண்ணு எடுக்கறதே அதுக்குத்தான். நான் கறுப்புன்னு யாரும் குத்தம் சொல்லலை பாரு, சீர் அப்படி வரும்னு ஒரு நம்பிக்கை.

எங்கப்பா சபாபதி துறைமுகத்துலே மூட்டை எண்ணுற வேலை. சம்பளம் சொற்பம். ஆனா எந்தக் கப்பல்லே எது நல்ல சாமான்னு அவருக்குத்தான் தெரியும். எனக்குன்னு ஆறு வருஷமா ஒண்ணொண்ணாச் சேத்தாரு. சுவர்க் கடியாரம் ஒண்ணு, கண்ணாடி விளக்கு ஒரு ஜோடி, பட்டுப் புடவை ஏழு, வாசனை சோப்பு ஒரு பெட்டி, கட்டில், மெத்தை, குடை. மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள். அப்பறம் முகம் பாக்கற கண்ணாடி. பெல்ஜியத்துக் கண்ணாடின்னாங்க, ஒரு முழ உயரம், சுத்தி மரத்துலே பூவேலை. அப்பா அதை மஞ்சத்துணியிலே சுத்தியே வச்சிருந்தாரு. எங்க பக்கத்துலே ஒரு வழக்கம், சீர்க் கண்ணாடியிலே முதமுதல்லே பொண்ணுதான் பாக்கணும். அதுவும் தாலி ஏறின பிறகு, புருஷன் பக்கத்துலே நிக்க, புருஷன் வீட்டுலே. அதுக்கு முன்னாலே வேறே யாரு முகமும் அதுலே படக்கூடாது. எங்கம்மாகூடத் துடைக்கறப்ப கண்ணை மூடிக்கிட்டுத்தான் துடைப்பாங்க.

வெயில் உன் மேலேயே அடிக்குதே. இந்தக் குடையைப் பிரிச்சுப் பிடிச்சுக்க. பஸ்ஸுக்குள்ளே குடையான்னு எவனும் கேக்கமாட்டான். கேட்டா டீச்சர்னு சொல்லு.

வைகாசி மாசம், வெள்ளிக்கிழமை. பதினொண்ணரைக்குள்ளே முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டுலே. பாலத்துலேர்ந்து ரெண்டரை மைல். நாங்க விடியக்காலையிலேயே கிளம்பிட்டோம். நான் கூண்டு வண்டியிலே. முன்னாலே நாயனம், பின்னாலே இருபத்தொரு பொம்பளைங்க தலையிலே சீர்த்தட்டு, அதுக்கும் பின்னாலே ஒரு மொட்டை வண்டியிலே கட்டிலும் மெத்தையும். சைக்கிளை எங்க சொக்கலிங்க மாமா தள்ளிக்கிட்டு வந்தாரு. அம்மாவோட தம்பி. அவருக்கு ஓட்டத் தெரியாது, ஆனா தள்ளுறதுலே ஒரு ஜம்பம்.

பாலத்தோட அந்தாண்டைக் கோடியிலே மூங்கிலைக் குறுக்கே போட்டு ஒரு சுங்கச்சாவடி. ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு மேஜை, ரெண்டு பியூன். மேஜையிலே பீமராவ்னு ஒரு அதிகாரி. தஞ்சாவூர்க்காரரு, மூக்குக் கண்ணாடி, மரியாதையான மனுஷன். அதுக்கு முன்னே கொஞ்ச வருஷமா கல்யாணக் கூட்டம் வந்தா வெத்திலை பாக்கை வாங்கிக்கிட்டு மூங்கிலைத் தூக்கிடுவாங்களாம். அந்த மாசம் மேலேர்ந்து உத்தரவு வந்துடுச்சு, ஒரு ஊசி போனாலும் வரி வாங்கணும்னு. நம்ம நேரம்!

"தட்டைத் திறங்க"ன்னாரு.

"ஐயா, சீர்த்தட்டு. மாப்பிள்ளை வீட்டு வாசல்லேதான் திறக்கணும்"ன்னு எங்கப்பா கையைக் கட்டிக்கிட்டுச் சொல்றாரு.

"சீரோ மோரோ, புதுச்சாமான்னா வரி. ரூல் அப்படி."

வரி எவ்வளவுன்னு அவர் எழுதிக் காட்டினதும் எங்கப்பா மடியிலே இருந்த காசைத் தடவிப் பாத்தாரு. சாமான் வாங்கின விலையைவிட அது ஜாஸ்தி. கட்ட வழியில்லேன்னா திருப்பி வீட்டுலே வச்சுட்டு வாங்கன்னு பீமராவ் சொல்லிட்டாரு. எப்படி வைக்கிறது? பொறந்த வீட்டு வாசப்படியைத் தாண்டின சீர் திரும்பி உள்ளே வந்தா பொண்ணும் பின்னாலேயே திரும்பி வந்துடும்பாங்க. போகவும் முடியலை, திரும்பவும் முடியலை. எங்கம்மா மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சுட்டாங்க. நாயனக்காரரு எந்த ராகம் வாசிக்கறதுன்னு தெரியாம நிறுத்திட்டாரு.

நான் வாயே தொறக்கலைம்மா. கல்யாணப் பொண்ணு பேசலாமா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டிக்குள்ளேதான் இருந்தேன். திரையை லேசா விலக்கி ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "ஐயா, நான் கட்டியிருக்கிறதும் ஜப்பான் பட்டுதான், இதையும் அவுத்து வச்சுட்டுப் போகணுமா?"ன்னு. பாவம், அந்த மனுஷனுக்கு முகம் சிவந்து போச்சு. "ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்மா. உடுத்தினது, புழங்கினது எதுக்கும் வரி கிடையாது. புதுசுக்குத்தான்"னாரு. பொஸ்தகத்தைப் பிரிச்சு அந்த ரூலை வாசிச்சும் காட்டினாரு. யாரு வாசிக்கச் சொன்னா?

அப்பவும் நான் ஒண்ணும் பேசலை. எங்க அத்தை, அப்பாவோட அக்கா, மரகதம்மான்னு பேரு, வண்டிக்குப் பக்கத்துலே நின்னாங்க. "அத்தை, எனக்கு வேர்க்குது, அந்தக் குடையைப் பிரிங்க"ன்னேன். இது ஒரு பேச்சா? பொண்ணுக்கு வேர்த்தாச் சொல்லக் கூடாதா? "அப்படியே சோப்பை எடுத்துக்கிட்டுப் போயி எல்லாரும் ஆத்துலே முகம் கழுவிக்கிட்டு வாங்க, பெரியப்பாவுக்கு நடந்து நடந்து கால் வலிக்கும், கட்டிலைப் போட்டுப் படுக்கச் சொல்லுங்க, கடியாரத்துக்குச் சாவி கொடுங்க"ன்னேன். அவ்வளவுதான். வேறே வார்த்தை என் வாயிலேர்ந்து வரலை. ஆனா எங்க அத்தை இருக்காங்களே, எள்ளுன்னா எண்ணெயா நிப்பாங்க.

அப்பறம் நடந்ததைப் பாக்க நீ இருந்திருக்கணும்.

குடையைப் பிரிச்சாங்க. கட்டில் நடு ரோட்டுலே விழுந்துச்சு. அது மேலே மெத்தை, மெத்தை மேலே எங்க பெரியப்பா. பொய்யாத்தான் படுத்தாரு, ரெண்டு நிமிஷத்துலே நெசமாவே குறட்டை. கடியாரத்தைக் கொண்டு போயி அந்த மூங்கில்லேயே மாட்டினாங்க. அது சரியா ஏழு அடிச்சுச்சு, ஒவ்வொரு அடிக்கும் பியூன் திடுக்குத் திடுக்குன்னு பாக்கறான். பட்டப் பகல்லே ரெண்டு விளக்கையும் ஏத்தி பீமராவ் மேஜையிலேயே வச்சுட்டாங்க, "எழுத வெளிச்சம் வேணுமில்லே"ன்னு. எங்க அத்தை, சித்தி, ஒண்ணுவிட்ட அக்கான்னு ஏழு பேரு கொட்டகைக்குப் பின்னாலே போயி ஏழு பட்டுப் புடவையும் கட்டிக்கிட்டு வந்து வரிசையா நின்னாங்க. ஆத்துலே முழங்கால் தண்ணி. அதுலே இருபத்தொரு பேரும் இறங்கி ஒரு பெட்டி சோப்பையும் தேச்சா என்ன ஆகும்? ஆறே நுரை கட்டி கடல் பக்கமாப் போவுது. வாசனை பாலம் வரைக்கும் வந்துச்சு.

சைக்கிள்தான் கஷ்டம். சொக்கலிங்க மாமாவை ஏத்தி விட்டாங்க. நேராப் போயி மூங்கில்லே இடிச்சு விழுந்தாரு. "இது புழங்கினதா ஆகாது, விழுந்ததுதான்"னு பியூன் சொல்றான். மறுபடியும் ஏத்தினாங்க, மறுபடியும் விழுந்தாரு. கடைசியிலே அந்தப் பியூனுக்கே மனசு கேக்காம சீட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடினான். அன்னிக்குத்தான் மாமா சைக்கிள் கத்துக்கிட்டாரு. சாகிற வரைக்கும் அந்தப் பியூனைக் குருன்னுதான் சொல்வாரு.

தண்ணி குடிக்கிறியா? இந்தா, புது பிளாஸ்க்கு. மூடியிலேயே ஊத்திக் குடி. வாய் வச்சுக் குடிம்மா, பரவாயில்லே. நான் ஒண்ணும் ஆசாரம் பாக்கறவ இல்லே.

பீமராவ் தலையிலே கையை வச்சுக்கிட்டாரு. "இது சாமான் புழங்குறதா, சர்க்காரைக் கேலி பண்றதா?"ன்னாரு. "ரெண்டும்தான்"னாங்க எங்க அத்தை. அதுக்கும் அவர் கோவப்படலை. நோட்டை எடுத்து ஒவ்வொண்ணா எழுத ஆரம்பிச்சாரு. கட்டில், புழங்கினது. குடை, புழங்கினது. மனுஷன் ரூலுக்குக் கட்டுப்பட்டவரு.

அன்னிக்குப் பொறையார் சந்தை வேறே. சந்தைக்குப் போற சனமெல்லாம் பின்னாலே நின்னு போச்சு. முதல்லே வேடிக்கைதான் பாத்தாங்க. அப்பறம் ஒரு மீன்காரம்மா, போன வாரம் அவ புள்ளைக்கு வாங்கின சட்டையை இங்கே பிடுங்கிட்டாங்களாம், கூடையை இறக்கி வச்சு உக்காந்துட்டா. "இவங்களை விடாம நான் போவமாட்டேன்"ன்னா. அவளைப் பாத்து வெறகு விக்கிறவங்க உக்காந்தாங்க. கொஞ்ச நேரத்துலே பாலம் பூரா சனம். "சீருக்கு வரியா? ஊருக்கு அடுக்குமா?"ன்னு யாரோ கத்த, எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. எங்கேர்ந்தோ ஒரு கதர்க்காரத் தம்பி கொடியோட வந்து கட்டில் மேலே ஏறிப் பேச ஆரம்பிச்சிட்டாரு. பெரியப்பா முழிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் இதுலே எதுக்கும் பொறுப்பில்லே. "நாயனம் ஏன் சும்மா இருக்கு"ன்னு மட்டும் கேட்டேன்.

எல்லாம் எழுதி முடிச்சாரு பீமராவ். பேனாவை மூடப் போறாரு, அப்ப அந்த மஞ்சத்துணி கண்ணுலே பட்டுச்சு. "அது என்ன?"

கண்ணாடி.

கதர்க்காரத் தம்பிகூடப் பேச்சை நிறுத்திட்டாரு. யாரு பாக்கறது? எல்லாப் பொம்பளைங்களும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் பாக்கலாமான்னா, தாலி ஏறலை. வேறே யாரு பாத்தாலும் என் வாழ்க்கையை அவங்க பாத்துட்டாப்பலே. "இது ஒண்ணு புதுசு. இதுக்கு மட்டும் வரி கட்டிட்டுப் போங்க"ன்னாரு பீமராவ், கொஞ்சம் நிம்மதியா. எங்கப்பா மடியை அவுத்தாரு. இது ஒண்ணுக்குன்னா அவராலே முடியும்.

"கட்டாதே சாமி! ஒண்ணுக்குக் கட்டினா எல்லாத்துக்கும் கட்டினாப்பலே!"ன்னு மீன்காரம்மா அலறுறா. எங்கம்மா "முகூர்த்தம் போவுதே"ன்னு அழறாங்க. கடியாரம் பத்தரை காட்டுது. அப்பா நடுவிலே நிக்கிறாரு, கையிலே காசை வச்சுக்கிட்டு. நெசமாச் சொல்றேன், அப்ப எனக்குப் பயம் வந்துடுச்சு. அது வரைக்கும் விளையாட்டாத்தான் இருந்துச்சு. கல்யாணம் நின்னா எங்கப்பா ஆத்துலே இறங்கிடுவாருன்னு தோணுச்சு. ஆனாலும் நான் வாயே தொறக்கலை. "அப்பா, காசை உள்ளே வைங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன்.

அந்த நேரம் பாத்துத்தான் அந்தாண்டைலேர்ந்து ஒரு ஒத்தை மாட்டு வண்டி வந்துச்சு. அதுலேர்ந்து இறங்கினது என் மாமியா, அஞ்சுகத்தம்மாள். அது வரைக்கும் நான் அவங்களைப் பாத்ததில்லே. மாமனார் போயி பத்து வருஷம். வெள்ளைப் புடவை, நெத்தியிலே திருநீறு. அந்தக் காலத்துலே தாலி இழந்தவங்க பொண்ணழைப்புக்கு எதிர்லே வரமாட்டாங்க. முகூர்த்தம் தப்பிடும்ங்கற ஆத்திரத்துலே வந்துட்டாங்க.

வந்தவங்க பாத்தது என்ன? ரோட்டுலே கட்டில்லே சம்பந்தி வீட்டுப் பெரியவரு குறட்டை விடறாரு. மாப்பிள்ளை சைக்கிள்லே எவனோ சுத்துறான். பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க சீர்ப்பட்டைக் கட்டிக்கிட்டு ஈரத்தலையோட நிக்கிறாங்க. "எச்சி சீரா என் வீட்டுக்கு?"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க, பாலம் பூரா கேட்டுச்சு. "எல்லாரும் தின்னு துப்பினதை எம்புள்ளைக்குக் கொண்டு வரீங்களா? இந்தப் பொண்ணே வேண்டாம். வண்டியைத் திருப்பு."

எங்கப்பா அவங்க கால்லே விழப் போனாரு. நான் திரைக்குப் பின்னாலே நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பீமராவ்தான் எழுந்து வந்து விவரம் சொன்னாரு. "அவங்க மேலே தப்பில்லேம்மா. புதுசுன்னா வரி வாங்கியாகணும். இந்தச் சாவடியிலே காலங்காலமா அதுதான் ரூல்."

மாமியா அப்பத்தான் அந்தக் கொட்டகையைத் திரும்பிப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க. "இங்கே ஒரு பூவரசமரம் நின்னுச்சே, அது எங்கே?"ன்னு கேட்டாங்க. வெட்டியாச்சுன்னான் பியூன்.

"அதுக்கு அடியிலேதான் எங்கப்பன் உக்காந்து அழுதாரு"ன்னாங்க.

யாருக்கும் புரியலை. அப்பறம்தான் சொன்னாங்க. அவங்களும் காரைக்கால் பொண்ணுதான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாலே அவங்க சீரும் இதே இடத்துலே நின்னிருக்கு. அவங்கப்பாகிட்டே வரி கட்டக் காசில்லே. சாமான் பூராத்தையும் எடுத்துக்கிட்டு வெறுந்தட்டோட அனுப்பிட்டாங்க. புருஷன் வீட்டுலே அவங்களுக்கு அதுவே பேராயிடுச்சு. "வெறுந்தட்டு வந்தாளா, வெறுந்தட்டு சமைச்சாளா"ன்னு. அவங்க சீர்லேயும் ஒரு கண்ணாடி இருந்திருக்கு. ஒரு தடவைகூட அதுலே அவங்க முகம் பாத்ததில்லே.

இதைச் சொல்லிட்டு நேரா மஞ்சத்துணிகிட்டே போனாங்க. எங்கம்மா "சம்பந்தியம்மா, வேண்டாம்"னு கையை நீட்டினாங்க. எங்க அத்தை வாயைப் பொத்திக்கிட்டாங்க. மாமியா துணியை உருவினாங்க. கண்ணாடியை மேஜை மேலே நிமித்தி வச்சு, குனிஞ்சு, தன் முகத்தைப் பாத்தாங்க. அவசரப்படலை. காதோரத்து முடியை ஒதுக்கினாங்க. திருநீறைச் சரி பண்ணிக்கிட்டாங்க. கன்னத்தை இப்படித் திருப்பி ஒரு தடவை, அப்படித் திருப்பி ஒரு தடவை. அந்த மீன்காரம்மா கண்ணைத் துடைச்சுக்கறா.

"புழங்கியாச்சு. எழுதிக்க"ன்னாங்க.

பீமராவ் எழுதினாரு. கண்ணாடி, புழங்கினது. அவங்க என் வண்டிக்கிட்டே வந்து திரையைத் தள்ளி, "பேசத் தெரிஞ்ச வாய்க்கு எறங்கத் தெரியாதா? மாட்டு வண்டியிலே போனா முகூர்த்தம் தப்பிடும். நடடி"ன்னாங்க. பேசத் தெரிஞ்ச வாயாம்! நான் எங்கே பேசினேன்? இன்னி வரைக்கும் எனக்கு அதுதான் புரியலை.

தாலி ஏறுச்சு, பதினொண்ணு இருபதுக்கு. எங்க கடியாரத்துலேயே பாத்தாங்க. அப்பறம் என்னையும் அவரையும் கண்ணாடி முன்னாலே நிறுத்தினாங்க. என் முகத்துக்குப் பக்கத்துலே அவரு முகம் தெரியணுமில்லே? தெரியலை. பின்னாலே நின்ன மாமியா முகந்தான் தெரிஞ்சுச்சு.

அது வைகாசியா, ஆவணி வரைக்கும் எத்தினி முகூர்த்தம் பாரு. ஒவ்வொரு கல்யாணக் கூட்டமும் பாலத்துலே இறங்கிப் புழங்குச்சு. பாய் விரிச்சுத் தாயம் ஆடினாங்க. அண்டாவிலே பொங்கல் வச்சு எல்லாருக்கும் போட்டாங்க. சந்தை சனம் கூடவே உக்காந்து கத்தும். என்கிட்டே வந்து யோசனை கேப்பாங்க, புதுப்பொண்ணு நான் என்ன சொல்லப் போறேன், எந்தச் சாமானை எங்கே வச்சுப் பிரிக்கணும்னு மட்டும் சொல்வேன். ஆவணி கடைசியிலே அந்தச் சாவடியிலே சீர்த்தட்டைத் திறக்கச் சொல்றதையே விட்டுட்டாங்க. பீமராவுக்கு மாத்தல் ஆச்சு. போறதுக்கு முன்னாலே எங்க வீட்டுக்கு வந்தாரு. அவரு பொண்ணுக்குக் காரைக்கால்லே ஒரு கடியாரம் வாங்கியிருக்காராம். "எப்படிம்மா புழங்கறது?"ன்னு கேக்கறாரு!

ஆனா என் வயித்தெரிச்சல் என்னன்னா, பேரு பூரா மாமியாளுக்குத்தான். "அஞ்சுகத்தம்மா கண்ணாடி பாத்து வரியை எடுத்துப்புட்டா"ன்னுதான் ஊர்லே சொல்லுவாங்க. அவங்களும் முப்பது வருஷம் அதையே சொல்லிக் காட்டினாங்க, "நான் முகம் பாத்துத்தான் உனக்குத் தாலி ஏறுச்சு"ன்னு. சாம்பார்லே உப்பு ஜாஸ்தின்னாலும் அங்கேதான் வந்து நிப்பாங்க. நாங்க நாலு மணி நேரம் வெயில்லே செத்தோம், சொக்கலிங்க மாமா முட்டி பேந்து போச்சு. அவங்க ஒரே ஒரு தடவை முகம் பாத்தாங்க. அது ஒரு பெரிய வேலையா, நீயே சொல்லு.

என்ன, பத்தே முக்காலா? ஆமா, அதோ பாலம். வரி செக்கிங்காரன் பஸ்ஸை நிறுத்துறான் பாரு. இப்பல்லாம் ஏறிப் பாக்கறாங்கம்மா, புதுச்சாமானுக்கு ரசீது எங்கேம்பான், வரி எங்கேம்பான். ரசீது யாரு வச்சிருக்கா? நீ பதறாதே. கடியாரம் உன் கையிலே இருக்கு. குடை பிரிச்சாச்சு. பிளாஸ்க்குலே தண்ணி குடிச்சாச்சு. உனக்கு நான் எந்தத் தொந்தரவும் கொடுக்கலையே? நான் யாரையும் ஒண்ணும் கேக்கறவளே இல்லே.

இது ஒண்ணுதான் பாக்கி. இந்தா, பிரி. சின்னக் கண்ணாடிதான், இப்பல்லாம் யாரு முழ உயரம் வாங்கறா. உன் பொட்டு கொஞ்சம் கோணலா இருக்கு, பாத்துச் சரி பண்ணிக்க.

நானா? நான் எப்படிம்மா பாக்கறது? அவரு போயி மூணு வருஷம் ஆச்சுன்னு சொன்னேனே. நீ பொட்டு வச்சவ, நீ பாத்தா இப்பல்லாம் யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. பேத்தி சீர்க் கண்ணாடியிலே நான் முதல்லே முகம் பாத்தா சம்பந்தி வீட்டுலே என்ன பேச்சு வரும்? எம்மவனே முகம் சுளிப்பான். சீக்கிரம் பாரும்மா, மூணாவது சீட்டுக்கு வந்துட்டான்.

ஏய், என்ன பண்றே? எதுக்கு என் பக்கம் சாய்க்கறே? வேண்டாம், டீச்சர். சொன்னாக் கேளு.

ம்.

இத்தினி நரை எப்ப வந்துச்சு எனக்கு? கண்ணுக்குக் கீழே பாரேன். என் மாமியா மாதிரியே இருக்கேன்டி. அச்சு அசல் அவங்கதான். இதைப் பாக்கறதுக்கே எனக்குத் தைரியம் போதலையே, அவங்க அத்தினி சனத்துக்கு நடுவிலே எப்படிம்மா பாத்தாங்க? நான் பாவி, ஒரு தடவைகூட அவங்ககிட்டே இதைக் கேக்கலையே.

இரு, காதோரம் முடி கலைஞ்சிருக்கு.

வாங்க சார். புதுச்சாமானா? அதெல்லாம் ஒண்ணும் இல்லே. எல்லாம் புழங்கினது. சந்தேகமா இருந்தா டீச்சரைக் கேளுங்க. நான் வாயே தொறக்கலை.